டிராகன் வரும் நாவலைப் பெரியவர்கள் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குயின் எழுதிய எர்த்ஸீ வரிசையைப் படிக்கலாம் என்று நான் சொன்னபோது பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். ஐம்பது வயதில் மந்திரவாதி கதையா என்று ஒருவர் நேராகவே கேட்டார். அன்றிலிருந்து வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஃபேன்டஸி நாவல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

நம் உலகத்தில் நடக்கவே முடியாத ஒன்று கதைக்குள் சாதாரண உண்மையாக நடக்கும் நாவல். தமிழில் மிகுபுனைவு என்று எழுதுகிறோம். அறிவியல் புனைவிலும் நடக்காதது நடக்கும், ஆனால் அதற்கு ஒரு விஞ்ஞானக் காரணம் காட்டுவார்கள். மிகுபுனைவில் காரணம் காட்ட மாட்டார்கள், விதி மட்டும் இருக்கும். எர்த்ஸீயில் ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். அது ஏன் அப்படி என்று யாரும் விளக்குவதில்லை. ஆனால் ஆறு புத்தகங்களில் ஓரிடத்தில்கூட அந்த விதி மீறப்படுவதில்லை.

வயது வந்த ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது?

என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய செருப்பு அப்போதும் வாசலில்தான் கிடந்தது. எடுத்து வைக்க யாருக்கும் மனசு வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் எர்த்ஸீயின் மூன்றாம் புத்தகமான 'தி ஃபார்தெஸ்ட் ஷோர்' (1972) படித்தேன். அதில் இறந்தவர்களின் நாடு ஒன்று வருகிறது. எல்லையில் கல் அடுக்கிய ஒரு தாழ்வான சுவர். யாரும் தாண்டிவிடலாம், அவ்வளவு தாழ்வு. தாண்டினால் அந்தப் பக்கம் கீழே இறங்கும் சரிவு, அசையாத நட்சத்திரங்கள், காற்றில்லாத தெருக்கள். அங்கே இறந்தவர்கள் நடமாடுகிறார்கள். அவர்களுக்கு வலி இல்லை. வேறு எதுவும் இல்லை. காதலுக்காக உயிர்விட்டவர்கள் ஒருவரை ஒருவர் தெருவில் கடந்து போகிறார்கள், திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்றாக இறந்த தாயும் குழந்தையும் அங்கே இருக்கிறார்கள். குழந்தை ஓடவில்லை, அழவும் இல்லை. தாய் அதைத் தூக்கவில்லை.

இந்தப் பத்தியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் சொன்ன ஆறுதல் எதுவும் தொடாத இடத்தை அது தொட்டது. அப்பா இல்லை என்பதல்ல எனக்குள் இருந்த பயம். அவர் எங்கேயோ இருந்து, என்னைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாமல் போய்விடுவாரோ என்பதுதான். அந்தப் பயம் எனக்குள் இருந்தது என்பதே அதைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

யதார்த்த நாவல் துக்கத்தைக் காட்டும். வீட்டுக்குள் நடக்கும் மௌனத்தை, சொத்துத் தகராறை, பதினாறாம் நாள் சாப்பாட்டைக் காட்டும். அது பெரிய கலை, குறைத்துச் சொல்லவில்லை. மிகுபுனைவு வேறொன்று செய்கிறது. மனசுக்குள் உருவமில்லாமல் கிடப்பதை எடுத்து ஒரு சுவராக, ஒரு நிழலாக, ஒரு மோதிரமாகக் கையில் கொடுத்துவிடுகிறது. கையில் வந்துவிட்டால் அதைத் திருப்பிப் பார்க்கலாம், எடை பார்க்கலாம், உடைக்கலாம்.

உடைக்கலாம் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அந்தச் சுவர் முதல் புத்தகத்திலேயே, 1968-இல், வந்துவிடுகிறது. ஆறாவது புத்தகமான 'தி அதர் விண்ட்' 2001-இல் வெளிவந்தது. அதில் ஆல்டர் என்றொருவன். உடைந்த பானை சட்டிகளை ஒட்டவைக்கிற சின்ன மந்திரம் தெரிந்த ஊர்ப்புற ஆள். அவன் மனைவி இறந்துபோகிறாள். தினமும் கனவில் அவன் அந்தச் சுவருக்குப் போகிறான், அவள் அந்தப் பக்கம் நிற்கிறாள். இறந்தவர்கள் எல்லோரும் சுவரோரம் வந்து எங்களை விடுவி என்று கேட்கிறார்கள். அந்த வறண்ட நாடு இயற்கையானது அல்ல, சாகாமல் இருக்க ஆசைப்பட்ட பழைய மந்திரவாதிகள் பேராசையால் உண்டாக்கியது என்று கடைசியில் தெரிகிறது. அப்போது எல்லோருமாகச் சேர்ந்து சுவரைக் கல் கல்லாகப் பிரித்துப் போடுகிறார்கள்.

முப்பத்து மூன்று வருஷம் கழித்து, எழுபதைத் தாண்டிய ஒருவர் தன் இளவயதுக் கற்பனையிடம் திரும்பிப் போய், இது தவறு என்று சொல்லி அதைத் தன் கையாலேயே இடிக்கிறார். ஓர் எழுத்தாளர் சாவைப் பற்றி வாழ்நாள் முழுக்க யோசித்ததன் தடம் அந்தக் கற்களில் இருக்கிறது. இதை இலக்கியம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அம்புலிமாமா படித்தே வளர்ந்துவிட்டோம். அதையே திரும்பவும் படிக்க வேண்டுமா?

நம் ஊரில் "இது என்ன அம்புலிமாமா கதை" என்றால் நம்பும்படி இல்லை, சிறுபிள்ளைத்தனம் என்று அர்த்தம். அந்தப் பேச்சு எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் 1947-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. வேதாளம் கதை சொல்லி முடித்துக் கேட்கும் கேள்விகள் நினைவிருக்கிறதா? யார் செய்தது தியாகம், யாருக்கு அவள் மனைவி, யார் மேல் பழி. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் வேதாளம் மரம் ஏறிவிடும். பேசினாலும் இழப்பு, பேசாவிட்டாலும் இழப்பு. அலுவலகத்தில் அநியாயத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவயதுக்காரருக்கு அந்தத் தோள்சுமை நன்றாகவே புரியும். பத்து வயதில் புரிய வழியில்லை.

எர்த்ஸீயின் முதல் புத்தகத்தையும் இளம் வாசகர்களுக்காக எழுதித் தரச் சொல்லித்தான் ஒரு சிறிய பதிப்பகம் கேட்டது. எழுதியவர் அதற்காக எதையும் குறைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லலாம் என்பது ஒரு கதையின் குறை அல்ல.

நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுவதுதானே இது?

இதுதான் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி. ஜே.ஆர்.ஆர். டோல்கின் இதற்கு 1939-இல் ஒரு சொற்பொழிவில் பதில் சொன்னார். சிறையில் இருப்பவன் வெளியேறி வீட்டுக்குப் போக நினைப்பதும், போர்க்களத்திலிருந்து சிப்பாய் ஓடிப்போவதும் ஒன்றல்ல என்பது அவர் வாதம். அந்தப் பதிலைவிட அதைச் சொன்னவருடைய வாழ்க்கை எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1916-இல் பிரான்ஸில் நடந்த சோம் போரில் டோல்கின் தகவல்தொடர்பு அதிகாரி. பதுங்குகுழிக் காய்ச்சல் கண்டு அந்த ஆண்டு நவம்பரில் ஊருக்கு அனுப்பப்பட்டார். 1918 முடிவதற்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று பிற்பாடு எழுதினார். அப்புறம் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் உழைத்து எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954, 55-இல் மூன்று பாகமாக வந்தது.

அதில் சதுப்பு நிலம் ஒன்று வருகிறது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் செத்த வீரர்களின் முகங்கள் தெரியும். கைவிட்டால் எதுவும் தட்டுப்படாது. அந்தச் சதுப்பு சோம் போருக்குப் பிந்தைய வடக்கு பிரான்ஸுக்குக் கொஞ்சம் கடன்பட்டது என்று அவரே ஒரு கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

அதைவிட ஆழமான இடம் ஒன்று உண்டு, முடிவைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் ஃப்ரோடோ ஒரு தீய மோதிரத்தை எரிமலை நெருப்பில் போட்டு அழிக்கப் போகிறான். மலையின் விளிம்பில் நிற்கும்போது அவனால் போட முடியவில்லை. இது என்னுடையது என்று சொல்லி விரலில் மாட்டிக்கொள்கிறான். கதாநாயகன் தோற்றுவிடுகிறான். மோதிரம் வேறு வழியில் அழிகிறது, உலகம் பிழைக்கிறது, எல்லோரும் ஊர் திரும்புகிறார்கள். நண்பர்கள் கல்யாணம் செய்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், தோட்டம் போடுகிறார்கள். ஃப்ரோடோவுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும், பயணத்தில் கத்தி பட்ட அதே தேதியில் உடம்பு முடியாமல் போகிறது. தன் ஊர் காப்பாற்றப்பட்டது, ஆனால் தனக்காக அல்ல என்கிறான். கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான்.

போரிலிருந்து உடம்போடு திரும்பி மனசோடு திரும்பாதவர்களைப் பற்றி இதைவிட நேர்மையாக எழுதியவர்கள் குறைவு. இதைப் படித்தவர் நிஜத்திலிருந்து எங்கே தப்பித்தார்?

ஆனாலும் நல்லவன், கெட்டவன் என்று கறுப்பு வெள்ளையாகத்தானே எழுதுகிறார்கள்?

சுமாரான புத்தகங்களில் அப்படித்தான். நல்ல புத்தகத்தில் சண்டை உள்ளே நடக்கிறது.

எர்த்ஸீ முதல் புத்தகத்தில் கெட் என்ற பையன் ஆடு மேய்த்தவன். திறமைசாலி, கர்வமும் அதே அளவு. மந்திரப் பள்ளியில் ஒருவன் சீண்டியதால், தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட, இறந்தவள் ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். கூடவே ஒரு கறுப்பு நிழல் கிழித்துக்கொண்டு வெளியே வந்து அவன் முகத்தைப் பிறாண்டுகிறது. அவனைக் காப்பாற்றப் போய்த் தலைமை ஆசான் உயிரை விடுகிறார். அப்புறம் கதை முழுக்க அந்த நிழல் துரத்த இவன் ஓடுகிறான், பிறகு இவன் துரத்த அது ஓடுகிறது. நடுக்கடலில் இருவரும் நேருக்கு நேர் நிற்கும்போது ஒருவர் பெயரை ஒருவர் சொல்கிறார்கள். இரண்டு பெயரும் ஒன்றே.

வாளும் இல்லை, வெற்றி முழக்கமும் இல்லை. தன் தவறுக்குத் தன் பெயரை வைக்கிறான், அவ்வளவுதான். எங்கள் கூட்டத்தில் இருபது வருஷம் குடித்துவிட்டு நிறுத்திய ஒருவர் இருக்கிறார். இந்த இடத்தைப் பற்றிப் பேசும்போது அவர்தான் அதிக நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த யாரும் குறுக்கிடவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் நண்பன் வெட்ச் கறுப்பு. 1968-இல் அமெரிக்காவில் மந்திரவாதி என்றால் வெள்ளைத் தாடி வெள்ளைக்காரர்தான். லெ குயின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். அட்டைப் படங்களில் அவனை வெள்ளையாக வரைந்தபோதெல்லாம் கோபப்பட்டார்.

மொழியழகு என்று ஏதாவது இருக்கிறதா, கதை மட்டும்தானா?

மிகுபுனைவுக்கு மொழிதான் எல்லாம். யதார்த்த நாவலில் சைதாப்பேட்டை என்று எழுதினால் போதும், ரயில் சத்தமும் கூட்டமும் வாசகருக்குத் தானாக வந்துவிடும். இல்லாத ஊருக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொரு வாசல்படியையும் வாக்கியம்தான் கட்ட வேண்டும்.

1973-இல் எழுதிய ஒரு கட்டுரையில் லெ குயின் ஒரு சோதனை செய்து காட்டினார். ஒரு மிகுபுனைவு நாவலிலிருந்து உரையாடல் ஒன்றை எடுத்து, நான்கு சொற்களை மட்டும் மாற்றினார். அது வாஷிங்டன் அரசியல்வாதிகள் பேசுவதாக அப்படியே பொருந்திவிட்டது. பெயரை மாற்றினால் ஊரே மாறிவிடுகிறது என்றால் அங்கே ஊர் என்று ஒன்று இருக்கவே இல்லை என்று அர்த்தம். நீங்கள் எந்தப் புத்தகத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். தமிழ்ச் சரித்திர நாவல்கள் சிலவற்றில் செய்து பார்த்தேன். ராஜாவை மேனேஜராக மாற்றியும் வசனம் கெடவில்லை.

டோல்கின் வேறு வழியில் போனார். முதலில் மொழிகளை உண்டாக்கினார், இலக்கணத்தோடு, ஒலி மாற்றங்களோடு. அந்த மொழிகளைப் பேச மக்கள் வேண்டும் என்பதற்காகத்தான் கதையே வந்தது என்பார். அதனால்தான் அவருடைய ஊர்ப்பெயர்களில் ஒரு பழக்கம் ஏறிய தேய்வு இருக்கிறது. நம்முடைய தஞ்சாவூரும் திருச்சியும் காலப்போக்கில் தேய்ந்த மாதிரி.

இலக்கியமாக இருந்தால் விமர்சகர்கள் ஏன் ஏற்கவில்லை?

ஏற்காதவர்கள் உண்டு. அமெரிக்காவின் பெரிய விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1956-இல் டோல்கினின் நாவலைச் சிறுபிள்ளைக் குப்பை என்று எழுதினார். அதே நாவலைக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் மனமாரப் பாராட்டினார். 1961-இல் டோல்கின் பெயர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. கதைசொல்லல் உயர்ந்த தரத்தை எட்டவில்லை என்று குழு தள்ளிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து ஆவணங்கள் திறக்கப்பட்டபோது அது வெளியே தெரிந்தது. உரைநடையில் அவர் சில இடங்களில் கனத்துப்போவது உண்மை. வில்சன் சொன்னதில் அந்த ஒரு பங்கு சரி. புத்தகத்தின் நடுப்பகுதியில் நானே இரண்டு முறை நின்றுபோயிருக்கிறேன்.

காலம் மாறியிருக்கிறது. 2014-இல் லெ குயினுக்கு அமெரிக்காவின் தேசியப் புத்தக அறக்கட்டளை வாழ்நாள் பங்களிப்புக்கான பதக்கம் தந்தது. 2021-இல் பிரிட்டனின் பெண் எழுத்தாளர் பரிசை சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி' வென்றது. 2022-இல் இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா' புக்கர் பரிசு பெற்றது. அதன் கதாநாயகன் செத்துப்போன ஒரு புகைப்படக்காரன். 1990-இல் கொழும்பில் கண் விழிக்கும்போதே ஆவியாக இருக்கிறான். தன்னைக் கொன்றது யார் என்று தெரிந்துகொள்ளவும், 1983 தமிழர் படுகொலையில் தான் எடுத்த படங்களை உலகத்துக்குக் காட்டவும் அவனுக்கு ஏழு நாள் அவகாசம். ஆவிகளின் அலுவலகத்தில் வரிசையில் நிற்க வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும். கொல்லப்பட்டவர்களின் கணக்கு எங்குமே சரியாக எழுதப்படாத ஒரு நாட்டில், செத்தவனே வந்து கதை சொல்வது வெறும் உத்தி இல்லை. சாட்சி சொல்ல உயிரோடு யாரும் மிஞ்சாத இடத்தில் வேறு யார் சொல்வது?

ஆனாலும் பரிசைப் பார்த்துப் படிக்காதீர்கள். நல்லது பலவற்றுக்குப் பரிசு வந்ததில்லை.

மாய யதார்த்தம் இலக்கியம், ஃபேன்டஸி பொழுதுபோக்கு. சரிதானே?

மார்க்கேஸின் 'நூறு வருடத் தனிமை'யில் துணி மடித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண் படுக்கை விரிப்புகளோடு வானத்துக்கு ஏறிப் போகிறாள். அதை நாம் இலக்கியம் என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். அவள் டிராகன் மேல் ஏறிப் போயிருந்தால் மட்டும் எப்படிப் பொழுதுபோக்காகிவிடும்? மாய யதார்த்தத்தில் நம் ஊருக்குள் அதிசயம் நுழைகிறது, மிகுபுனைவில் ஊரே வேறு. வித்தியாசம் அவ்வளவுதான், தரம் அதில் இல்லை. கசுவோ இஷிகுரோ 2015-இல் அரக்கனும் டிராகனும் வரும் 'தி பரீட் ஜயன்ட்' எழுதினார். இரண்டே வருஷத்தில் அவருக்கு நோபல் வந்தது. அந்த டிராகனின் மூச்சு நாடு முழுக்க மறதியாகப் பரவுகிறது. மறந்ததால்தான் இரண்டு இனங்கள் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் வாழ்கின்றன. நினைவு திரும்பினால் ரத்தம் ஓடும். டிராகனைக் கொல்வதா, விடுவதா?

சிரிக்க வைக்கும் மிகுபுனைவு எந்தக் கணக்கில் சேரும்?

டெர்ரி பிராட்செட்டைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1983-லிருந்து 2015 வரை டிஸ்க்வேர்ல்ட் என்ற ஒரே உலகத்தில் 41 நாவல்கள். நான்கு யானைகள் தாங்கும் தட்டையான உலகம், யானைகள் ஓர் ஆமையின் மேல். நமக்குக் கேட்ட மாதிரிதான் இருக்கும்.

1993-இல் வந்த 'மென் அட் ஆர்ம்ஸ்' நாவலில் சாம் வைம்ஸ் என்ற காவல் அதிகாரி தன் ஷூவைப் பற்றி யோசிக்கிறான். நல்ல ஷூ ஐம்பது டாலர், பத்து வருஷம் உழைக்கும். அவனால் பத்து டாலர் ஷூதான் வாங்க முடியும், ஒன்றிரண்டு பருவத்தில் அட்டை தேய்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிடும். பத்து வருஷத்தில் ஏழை நூறு டாலர் செலவழித்திருப்பான், காலும் நனைந்தபடியே இருக்கும். பணக்காரன் பணக்காரனாக இருப்பதே அவனுக்குச் செலவு குறைவு என்பதால்தான். மாத வாடகைக்கும் வாரச் சீட்டுக்கும் நடுவில் வாழ்கிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். 2022-இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் மலிவுப் பொருட்களின் விலையேற்றத்தைக் கணக்கிட ஒரு குறியீடு தொடங்கியபோது, அதற்கு வைம்ஸின் ஷூ பெயரையே வைத்தார்கள். ஆமை மேல் நிற்கும் உலகத்திலிருந்து வந்த பெயர் அது.

தமிழில் இப்படி உண்டா?

தமிழில் இது புதிதே அல்ல. மணிமேகலையின் அமுதசுரபியைச் சொல்கிறேன், கேளுங்கள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது முதலில் ஆபுத்திரன் கையில் இருந்த கதையைச் சொல்லவில்லை. ஊரால் விரட்டப்பட்டவன் மதுரையில் பிச்சை எடுத்து, குருடர் முடவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தான் தின்று வாழ்கிறான். பஞ்சம் வருகிறது. சிந்தாதேவி பாத்திரத்தைக் கொடுக்கிறாள், அவன் எல்லோர் பசியையும் ஆற்றுகிறான். இந்திரனுக்கு அது பொறுக்கவில்லை. வரம் தருகிறேன் என்று வந்தவனை ஆபுத்திரன் சிரித்து அனுப்பிவிடுகிறான். அதற்கு இந்திரன் என்ன செய்கிறான் தெரியுமா? சாபம் கொடுக்கவில்லை, மழையைக் கொடுக்கிறான். நாடு செழிக்கிறது. பசித்தவர் யாருமில்லை. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீதி வீதியாகப் போகிறான், வாங்கிச் சாப்பிட ஆள் இல்லை. கடைசியில் ஆளில்லாத மணிபல்லவத் தீவில் தனியே விடப்பட்டு, தனக்கு மட்டும் சோறு போடும் பாத்திரம் எதற்கு என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான்.

கொடுப்பதற்கே வாழ்ந்தவனுக்கு வாங்க ஆள் இல்லாமல் போவது. பிள்ளைகள் எல்லாம் நன்றாக இருக்கிறார்கள், யாருக்கும் என்னிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை என்று உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இதைச் சொல்ல சாத்தனாருக்கு ஒரு மாயப் பாத்திரம் தேவைப்பட்டது.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார், ஓட்டலில் காப்பி சாப்பிடுகிறார், பிள்ளைவாள் நடத்தும் சித்த வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கட்டுகிறார். பெருமாள்முருகன் எழுத்தை விட்டுவிட்டதாக 2015-இல் அறிவித்து, பிறகு மீண்டு வந்து எழுதிய 'பூனாச்சி'யில் ஆட்டுக்குட்டிகளுக்கும் அரசாங்கத்தில் பதிவு உண்டு, காது குத்தி அடையாளம் போடுவார்கள். மனிதரை வைத்து நேரே சொல்ல முடியாததை ஒரு வெள்ளாட்டை வைத்துச் சொன்னார். ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) இல்லாத ஒரு நகரத்தையே கோபுரத்தோடு கட்டியது. இவ்வளவு இருந்தும், இல்லாத உலகத்தை முழுசாகக் கட்டும் நாவல் தமிழில் இன்னும் குறைவுதான். வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்த வகையில் குப்பையும் நிறைய இருக்கிறதே?

நிறைய. எல்லா வகையிலும் இருப்பது போல. தேர்ந்தெடுக்கப்பட்டவன், தீய மன்னன், வரைபடம், பத்துப் பாகம் என்று அச்சடித்த மாதிரி வருபவற்றை நாற்பது பக்கத்தில் கீழே வைத்துவிடுங்கள்.

சீரியல் பார்த்தால் போதாதா?

டிராகனை நன்றாகக் காட்டுவார்கள். இறந்தவர்களின் நாட்டில் தாய் குழந்தையைத் தூக்காததை நடிகையை வைத்துக் காட்டினால் அது ஒரு நடிகை குழந்தையைத் தூக்காமல் நிற்பதாகவே இருக்கும். படித்துவிட்டுப் பாருங்கள்.

எங்கே தொடங்குவது? ஆங்கிலம் ஓரளவுக்குத்தான் வரும்.

டோல்கினில் தொடங்காதீர்கள், ஆயிரம் பக்கத்துக்கு மேல். எர்த்ஸீ முதல் புத்தகம் சுமார் இருநூறு பக்கம், வாக்கியங்கள் சின்னவை, வாய்விட்டுப் படிக்க ஏற்றவை. அடுத்து 'பிரனேசி'. முடிவில்லாத மண்டபங்கள், கீழே கடல் ஏறி இறங்குகிறது, ஒரே ஒருவன் அங்கே நாட்குறிப்பு எழுதிக்கொண்டு வாழ்கிறான். அங்கே கிடக்கும் பதின்மூன்று பேரின் எலும்புகளுக்கு அவன் அல்லிப் பூ கொண்டுபோய் வைக்கிறான். அவ்வளவுதான் சொல்வேன், மிச்சம் படிக்கும்போது கிடைக்கட்டும்.

நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு எர்த்ஸீ நான்காம் புத்தகமான 'டெஹானு'வை (1990) தனியாகப் பரிந்துரைப்பேன். முதல் மூன்றை முடித்த பிறகு. கெட் சக்தி எல்லாம் இழந்து சாதாரண மனிதனாகத் திரும்பி வருகிறான். விதவையான டெனார் பண்ணையில் ஆடு பார்த்துக்கொண்டு, தீயில் வெந்த ஒரு சிறுமியை வளர்க்கிறாள். மந்திரம் அதிகம் இல்லை. கடலிலிருந்து வீடு திரும்பிய மகன் தன் தட்டைக் கழுவ மறுக்கும் இடம் வருகிறது. எங்கள் கூட்டத்தில் அந்தப் பக்கத்தை ஒரு அக்கா எழுந்து நின்று தமிழில் சொல்லிக் காட்டினார். ஐம்பது வயதில் மந்திரவாதி கதையா என்று முதலில் கேட்டவர் அவருடைய வீட்டுக்காரர். அடுத்த கூட்டத்துக்கு அவர் ஐந்தாம் புத்தகத்தையும் வாங்கி வந்திருந்தார்.